வேலியோரத்து அரளி

அன்பு மகள் ஹஸீனாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். டப்ளின் குளிரில் உனக்கு ஒரு தும்மல்கூட வராமல் அல்லாஹ் காப்பாற்றட்டும். இங்கே எங்கள் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, மனசுதான் யாருக்கும் சரியில்லை. போனில் சொன்னால் உன் தம்பி ஸைஃப் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். அவனுடைய குதிரை ரூபி செத்துப்போய்விட்டது மகளே.

ஸைஃப் சனிக்கிழமைகளில் சவாரி செய்யப் போகும் லாயத்தில், வேலிக்கு அந்தப்புறம் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் போடுகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. சவாரி முடிந்ததும் ரூபியை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிப்பான், பூச்சி பறப்பதைப் பார்த்தால் கொஞ்சம் அடங்குகிறான் என்றுதான் ஆரம்பித்தேன். லாயத்தைக் கவனிக்கும் நிவேதிதா முதலிலேயே கண்டிப்பாகச் சொன்னாள், அரளி, எருக்கு, உன்னிச்செடி எல்லாம் குதிரைக்கு விஷம், பூச்சிக்கு எவ்வளவு பிடித்தாலும் இங்கே கூடாது என்று. நானும் இட்லிப்பூ, செம்பருத்தி, கறிவேப்பிலை மட்டும்தான் வைத்தேன், அதையும் குதிரை கழுத்தை நீட்டினாலும் எட்டாதபடி நடுவில் இன்னொரு வேலி போட்டு. கறிவேப்பிலையில் புழு வந்து, கூடு கட்டி, கறுப்புப் பூச்சியாகப் பறந்தபோது உன் தம்பி கைதட்டிச் சிரித்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

கூடமாட வேலை செய்ய அழகேசன் என்று ஒருவர் வந்து சேர்ந்தார், இங்கே கிளமெண்டி பக்கம் இருப்பவர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், நல்ல மனுஷன். உன் வாப்பாவின் முழங்காலுக்காக டாக்டரிடம் போனதில் ஒரு வாரம் நான் தோட்டத்துக்குப் போகவில்லை. அந்த நேரம் பார்த்து, அரளியில் பூச்சி நிறைய முட்டையிடும் என்று யாரோ சொல்லக் கேட்டு, வீட்டில் தொட்டியில் இருந்த அரளியை அவர் கொண்டுவந்து வைத்திருக்கிறார். வேலிக்கு வெளியில்தானே என்று நினைத்தாராம். அதிகப்படிக் கிளைகளை வெட்டி அங்கேயே குவித்துவிட்டுப் போயிருக்கிறார், யார் கண்ணிலும் படவில்லை. பிறகு அடித்த மழைக்காற்றில் காய்ந்த இலைகள் பறந்து புல்லில் கலந்துவிட்டன. பச்சையாக இருந்தால் கசப்பென்று குதிரை ஒதுக்கிவிடுமாம், காய்ந்ததில் கசப்பு அவ்வளவாகத் தெரியாதாம், விஷம் மட்டும் அப்படியே இருக்குமாம்.

நிவேதிதா போன் செய்ததும் டாக்ஸி பிடித்து ஓடினேன். ரூபி உடம்பெல்லாம் வியர்த்து, தலையைத் தொங்கப்போட்டு நின்றது. மிருக டாக்டர் என்னென்னவோ மருந்து கொடுத்துப் பார்த்தார், அஸர் தொழுகை நேரத்துக்குள் விழுந்துவிட்டது. கழுத்தில் கைவைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், வேறென்ன செய்ய முடியும். மறுநாள் எல்லோரும் கையுறை போட்டுக்கொண்டு அந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் கட்டினோம். அழகேசன் லாயத்தின் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். நான் வெளியே வந்தபோது, "நான்தான்மா கொன்னுட்டேன்" என்றார். நான் அவரைத் தாண்டி நடந்துவிட்டேன். வாப்பா, பாவம் தெரியாமல் செய்தார், அவர் கூப்பிட்டால் போனை எடு என்கிறார். இன்னும் எடுக்க முடியவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றவும் போகவில்லை.

சனிக்கிழமை ஸைஃப் கேரட்டைப் பிடித்துக்கொண்டு காலிக் கொட்டடி முன்னால் நின்றான். ரூபி போயிடுச்சு மகனே, வா வீட்டுக்குப் போகலாம் என்றேன். அக்காவான உன்னை நினைத்து, "ராத்தா போன மாதிரியா?" என்று கேட்டான். எனக்குத் தைரியம் இல்லை ஹஸீனா, ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து சாயங்காலமானால் ஐபேடை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டபோது உன் முகத்தைப் பார்க்காமல் உனக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தானே, நீகூடச் சிரித்தாயே, ரூபியைத்தான் தேடினான்.

நான் சொன்னால் அவன் காதைப் பொத்திக்கொள்கிறான். நீ போனது வேறு, அது போனது வேறு என்று நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். முடிந்தால் நேரில் வந்து சொல். வேலைக்கு ஓடும் அவசரத்தில் பட்டினி கிடக்காதே, காலுக்குக் கம்பளி உறை போட்டுக்கொள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியும் தரட்டும். கூப்பிடும்போது உனக்குப் பின்னால் வெறும் சுவர் இருக்கும்படி உட்கார்ந்துகொள்.

துஆவுடன்,
உன் உம்மா பரீதா
சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்