நாணலுக்கு என்ன விலை

மார்ச் 3
சாயப்பட்டறைக்கும் ஏரிக்கும் நடுவே உள்ள நாணல் சதுப்பில் மண்ணைக் கொட்டி, லாரி நிறுத்துமிடம் ஆக்கப்போகிறார்களாம். மேலதிகாரி அதற்கான கோப்பை என் மேசையில் வைத்தார். "தண்ணி சோதனை அறிக்கை மட்டும் குடுங்கம்மா, போதும்."

பிரித்தேன். ஆறு வருடத்துக்கு முந்தைய குறிப்பு: 'பயனற்ற நிலம். மதிப்பு பூஜ்யம்.' கீழே என் கையெழுத்து. அன்று மழை. நான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

மார்ச் 5
இன்று இறங்கினேன். முழங்கால் வரை சேறு. மீனவர் சங்கத் தலைவி தோணி ஓட்டினார். "இந்தப் பக்கம் ஆபீஸ் ஆளுங்களைப் பார்த்தே வருஷக்கணக்காச்சு" என்றார். குத்தலா, சும்மாவா?

பட்டறைக் கால்வாயில் ஒரு பாட்டில் தண்ணீர், நாணலைத் தாண்டி ஒரு பாட்டில்.

மார்ச் 8
கால்வாயில் இருந்த நஞ்சில் பத்தில் ஒரு பங்குகூட ஏரிக்குப் போய்ச் சேரவில்லை. நாணல் வேரும் சேறும் வழியிலேயே பிடித்துவைத்துக்கொள்கின்றன. சம்பளம், விடுப்பு எதுவும் கேட்காமல்.

மார்ச் 9
'மதிப்பு' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? குழாய் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் சட்டென்று சொன்னார்: "இதே வேலைய மெஷின் செஞ்சா என்ன செலவாகும்? அதப் போடு."

போட்டேன். ஏரியை நம்பிய இருநூறு குடும்பங்களின் வருட மீன்பிடியையும் சேர்த்தேன். லாரி நிறுத்துமிடத்தின் வருமானம் இதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

மார்ச் 11
"ரெண்டு குறிப்புலயும் உங்க கையெழுத்து. எது பொய்னு கேப்பாங்க" என்றார் மேலதிகாரி.

"பழசு, சார்."

"பதவி உயர்வு போயிடும்."

தெரியும். பதினெட்டு வருஷமா அந்த உயர்வுக்குத்தானே காத்திருந்தேன்?

மார்ச் 12
கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 20
லாரி நிறுத்துமிடம் பழைய செங்கல் சூளைத் திடலுக்கு மாறியது. பதவி உயர்வு என்னைவிட எட்டு வயது சின்னவளுக்கு. வாழ்த்தினேன். கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

ஜூலை 14
மூன்று நாளுக்கு முன் பட்டறையின் கழிவுத் தொட்டி உடைந்தது. அன்றிலிருந்து காலை மாலை சோதித்தேன். முன்வரிசை நாணல் கருகிக் கிடக்கிறது. ஏரித் தண்ணீர் சுத்தம்.

வரும் வழியில் மீன் சந்தை. வழக்கமான கூச்சல், பேரம். தொட்டி உடைந்தது அங்கே யாருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை. வரிசையில் நின்று ஒரு ஏரிக் கெண்டை வாங்கினேன்.

"செதில் எடுத்துத் தரவா?" என்றாள் மீன்காரி.

"எடுத்துக் குடும்மா."