இரண்டு பேட்டரி

என்னைக் கடைசிவரை அம்மிணி என்றே கூப்பிட்ட அப்பாவுக்கு,

இன்று காலை, ரிச்சர்ட்சன் ஊரிலிருக்கும் இந்த வீட்டில் மறுபடியும் ஹீட்டிங் நின்றுபோனது. வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கச் சுவரிலிருக்கும் தெர்மோஸ்டாட்டில் எழுத்து எதுவும் தெரியவில்லை. மூடியைக் கழற்றி இரண்டு பேட்டரி மாற்றினேன், சூடான காற்று வர ஆரம்பித்துவிட்டது. அவ்வளவுதான் வேலை. போன குளிர்காலத்தில் இதைச் செய்ய ஆளில்லாமல்தான் நீங்கள் போனீர்கள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வயசு, நிமோனியா, விதி என்றார்கள். நானும் தலையாட்டினேன். நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

நீங்கள் இங்கே வந்த புதிதில் ஒரு வாரம், காலையில் வெந்நீர் கொதித்தது, சாயங்காலம் பச்சைத்தண்ணீராக வந்தது. உங்கள் மாப்பிள்ளை செந்தில் வீடியோ பார்த்து ஏதேதோ பட்டனை அழுத்தினார். கடைசியில் ரிப்பேர்காரர் வந்து, கராஜிலிருக்கும் மெயின் போர்டைத் திறந்து சிரித்தார். வாட்டர் ஹீட்டரின் சுவிட்ச் அணைந்திருந்தது.

"நாந்தான் அம்மிணி குளிச்சதும் அமத்துனேன். எதுக்கு நாள் பூரா வெட்டியா எரியோணும்?" என்றீர்கள். விடிகாலையில் போட்டுவிட்டு, குளித்ததும் அணைப்பது. ஊரில் நம் வீட்டில் எல்லோரும் செய்வதுதானே? நானும் அப்படித்தானே வளர்ந்தேன்?

ஆனால் அந்த ஆள் எதிரில், என் மகள் எதிரில், நான் கத்தினேன். "ஒண்ணும் தெரியாட்டி எதையும் தொடாதீங்கப்பா. இது உங்க மில்லு இல்ல." முப்பது வருஷம் சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்த்தவரிடம் சொன்னேன். நீங்கள் போர்டிலிருந்து கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள்.

அதன்பிறகு இந்த வீட்டில் நீங்கள் எதையும் தொடவில்லை. மைக்ரோவேவைக்கூடத் தொடாமல், ஆறிப்போன காபியை அப்படியே குடித்தீர்கள். நான் கவனிக்காமல் இல்லை. தொல்லை விட்டது என்று நிம்மதியாக இருந்தேன், அதுதான் அசிங்கம்.

ஜனவரியில், நாலு மணி நேரக் கார்ப் பயணத்திலிருக்கும் பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குக் கிளம்பினோம். அவ்வளவு தூரம் காரில் முட்டியை மடக்கி உட்கார முடியாது என்று நீங்கள் வரவில்லை. இரண்டு நாளும் போன் பண்ணினேன். "ஒரு குறையுமில்ல அம்மிணி" என்றீர்கள். பல் தந்தியடித்தது எனக்கு ஏன் கேட்கவில்லை?

திரும்பி வந்தபோது தெர்மோஸ்டாட்டில் பேட்டரி தீர்ந்து, வீடு ஐஸ்பெட்டியாக இருந்தது. குரங்குக்குல்லாயும் இரண்டு ஸ்வெட்டரும் போட்டு, பெட்ஷீட்டைச் சுற்றிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தீர்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீதான அம்மிணி எதையும் தொட வேண்டாம்ன." குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. மறுநாள் காய்ச்சல். பத்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் செருப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். பாய்லரையே அடக்கி ஆண்டவருக்கு அந்தச் சின்ன மூடியைக் கழற்றத் தெரியாதா? போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பீர்கள்? பெற்ற பெண்ணிடம் இவ்வளவு ரோஷமா? இல்லை, நிஜமாகவே என்னைப் பார்த்துப் பயந்துவிட்டீர்களா? எது என்று சொல்லாமல் போய்விட்டீர்கள்.

நீங்கள் தினமும் பிபி பார்ப்பீர்களே, அந்த மிஷினில் நாலு பேட்டரி இருந்தது. அதே அளவு. இன்று போட்டது அதிலிருந்து எடுத்ததுதான். பக்கத்தில் நின்ற மகள், தாத்தாவுக்கு இது தெரியாதா என்று இங்கிலீஷில் கேட்டாள். தெரியும் என்றேன்.

அடுத்த மாதம் என் மாமியார் கோபியிலிருந்து வருகிறார். குளித்ததும் ஹீட்டரை அணைக்கிற பழக்கம் அத்தைக்கும் உண்டு. தொடக் கூடாது என்று போர்டில் எழுதி ஒட்டிவிடலாம் என்றார் செந்தில். வேண்டாம் என்றேன். அத்தை அணைக்கட்டும். தினமும் சாயங்காலம் நானே கராஜுக்குப் போய், வாயைத் திறக்காமல் சுவிட்சைப் போட்டுவிட்டு வருவேன். இது சத்தியம் அப்பா. உங்களுக்கு இதைச் செய்ய எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

உங்கள் கையைக் கட்டிப்போட்ட மகள்,
அம்மிணி