நான் மாட்டிய ஏசி

அன்புள்ள ஜூலிக்கு,

மாதா புண்ணியத்தில் குவைத்தில் நலமாக இருக்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? போனில் பேசினால் சண்டையாகிவிடும் என்றுதான் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன்.

உன்னோடு படித்த அறிவுமதிக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, சரி. சிதம்பரத்தில் நான்கு லாட்ஜ் ஏறி இறங்கியும் எந்த ரூமிலும் குளிர் போதவில்லை, அதுவும் சரி. அதற்காகக் கடலூருக்குக் கூட்டிவந்து, நான் ஏசி மாட்டிய நம் ரூமையா கொடுப்பாய்? கேட்டால், "பாவங்க, ரெண்டு நாள்தானே, நானும் அத்தையும் ஹால்ல படுத்துக்குறோம்" என்கிறாய்.

நேற்று மொட்டை மாடியில் ஏசி ரிப்பேர் பார்க்கும்போது எனக்கும் லேசாகத் தலை சுற்றியது. தண்ணீர் குடித்ததும் சரியாகிவிட்டது. அம்மாவிடம் சொல்லாதே.

அவன் போனதும் தலையணை உறையைத் துவைத்துப் போடு. கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. அந்த ஏசியை மாட்டிய அன்று சாயங்காலமே நான் பிளேன் ஏறிவிட்டேன். அதன் குளிர் எப்படி இருக்கிறது என்று அவனிடம் கேட்டு எழுது.

லூர்து பிரகாஷ்