பரீட்சையைத் தள்ளிவைக்கும் படிவம்

ரொறன்ரோ
14 யூன் 2009

என் அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா? முகாமில் தண்ணீர் கிடைக்கிறதா? சித்தப்பா எப்படியாவது இதை உள்ளே கொண்டுவந்து தருவார்.

ஜெர்மன் பரீட்சை முடிந்தது. தள்ளிவைக்கலாமா என்று கேட்கப் போனேன். குடும்பத்தில் யாராவது இறந்திருந்தால்தான் முடியுமாம். பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை செய்யும் இராஜேஸ்வரி அன்ரி படிவத்தை நீட்டினார்.

“தம்பி, கொண்ணையின்ரை பேரைப் போடும். ஒரு மாசமாத் தகவல் இல்லைத்தானே? ஆர் வந்து பாக்கப்போகினம்?”

“அண்ணை சாகேல்லை அன்ரி.”

படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பரீட்சை எழுதினேன். பெயர்ச்சொல்லை உண்டாக்கும் விகுதிகள் எங்கிருந்து வந்தன என்பது கேள்வி. ஜெர்மனில் ‘ஹைட்’, லக்சம்பேர்க் மொழியில் ‘ஹேட்’. முன்பு அது ஆளையும் ஆளின் நிலையையும் குறித்த தனிச்சொல். இன்று வேறு சொற்களில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. லத்தீனில் அதே வேலையைச் செய்யும் ‘தாஸ்’ தனியாக நின்றதற்குச் சான்றில்லை. எல்லாம் எழுதினேன். ஒரு சொல்லுக்கு என்ன ஆனது என்று ஆயிரம் வருடம் பின்னால் போய்த் தேடுகிறார்கள். போன மாதம் ஆமிக்காரர் அண்ணையை உங்களிடமிருந்து பிரித்து ஏற்றிய பஸ் எங்கே போனதென்று சொல்ல ஒருவரும் இல்லை.

அண்ணையின் அடையாள அட்டை இலக்கத்தை அனுப்புங்கள். சித்தப்பா வீட்டில் படம் இருந்தால் அதையும் அனுப்பச் சொல்லுங்கள். என்னிடம் உள்ள படத்தில் அண்ணைக்கு மீசைகூட இல்லை. இங்கே காணாமற்போனவர்களைத் தேடுவதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. அதில் அண்ணையின் பெயரைப் போடுகிறேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

மகன்
மயூரதன்