பச்சை பீரோவில் நான்கு விரல்கள்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்தே காற்று. கண்ணெல்லாம் மண். லேபின் மேற்கு ஜன்னலுக்குக் கொக்கி கிடையாது, செங்கல் வைத்துத்தான் சாத்த வேண்டும். இன்று செங்கலையும் காணோம்.

லி.டீ. (லில்லி டீச்சர், எங்களுக்கு வேதியியல்) பயிற்சிக்காகத் திருநெல்வேலி போயிருக்கிறார். அடுத்த செவ்வாய்தான் வருவார். ஒன்பதாம் வகுப்புக்குத் திங்கள், புதன், வெள்ளி கடைசிப் பீரியடில் லேபில் அவர் எடுக்கும் தடயவியல் வகுப்பு அதுவரை என் தலையில். ப்ளஸ் ஒன்னில் இத்தனை பேர் இருக்க ஏன் நான் என்று அவர் கிளம்புமுன் கேட்டேன். "புத்தகம் வாங்கிட்டுப் போனா படிச்சிட்டுத் திருப்பிக் கொண்டாரவ நீ ஒருத்திதான்" என்றார். பாராட்டா என்று தெரியவில்லை.

எடுத்துப்போனவை: ஸ்டாம்ப் பேட் 2 (ஒன்று காய்ந்தது). வெள்ளைத்தாள். முகப்பவுடர். பிரஷ். செல்லோடேப். பீரோ சாவி. பீரோவுக்குள் லி.டீ.யின் பித்தளை வளையம் போட்ட லென்ஸ். அவருடைய சொந்த லென்ஸ்; காட்டிவிட்டு உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும்.

41 பிள்ளைகள். முதல் ஐந்து நிமிடம் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வளைவு, கண்ணி, சுழல் என மூன்று ரேகை வகைகளையும் கரும்பலகையில் வரைந்தேன். சுழல் வடை மாதிரி வந்தது. "அக்கா, பசிக்குது" என்று ஃபாத்திமா. அவள் வாயை அடைக்க முடியாது என்று லி.டீ. முன்பே எச்சரித்திருந்தார்.

பிறகு எல்லோரும் மையில் விரல் தொட்டுத் தாளில் வைத்தார்கள். "எங்க தாத்தா கைநாட்டுதான், அவிய இதெல்லாம் அப்பவே பாஸ்" என்றாள் ஒருத்தி. ஒரே சிரிப்பு. நன்றாகவே போனது.

முதல் பெஞ்ச் இசக்கியம்மாளின் தாளில் மட்டும் கோடே இல்லை. பத்து விரலும் பத்துக் கறுப்பு முட்டை. மை அதிகமோ என்று துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னேன். மறுபடியும் முட்டை.

"ஏளா, உனக்கு ரேகையே இல்லியே!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். வகுப்பே எழுந்து பார்த்தது.

அவள் மெதுவாக, "லீவு பூரா அம்மைகூட உப்பளத்துல பொட்டலம் போட்டேன்க்கா. இப்பவும் ஞாயித்துக்கிழமை போவேன். தோலு தேஞ்சிட்டு. அம்மைக்கும் ரேஷன் கடை மெஷின்ல விழாது" என்றாள்.

தடயவியல் புத்தகத்தில் ஒரே வரியாகப் படித்தது கண் முன்னால்! அவள் தாளை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தேன். மேலே என் கையெழுத்தில்: "அரிய மாதிரி".

ஜூலை 15, செவ்வாய்

கணிதத் தேர்வு, 38/50. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நாளைய வகுப்புக்கு நாலு பக்கம் குறிப்பு எழுதினேன். ஃபாத்திமா என்ன கேட்பாள் என்று யோசித்து, பதிலும் எழுதி வைத்தேன். ஒரு சந்தேகம்: நேற்று பீரோவைப் பூட்டினேனா? சாவி பையில் இருக்கிறது. பூட்டியது நினைவில் இல்லை. பெல் அடித்தது, தாள்களை அடுக்கினேன், பிறகு பஸ். நடுவில் ஒன்றுமே இல்லை.

ஜூலை 16, புதன்

பூட்டவில்லை. லென்ஸ் இல்லை.

எல்லாத் தட்டும் பார்த்தாயிற்று, பிப்பெட் பெட்டி உட்பட. லி.டீ. அதை வேட்டியில் பொதிந்து வைப்பார், பழைய வெள்ளை வேட்டித் துண்டு. துண்டு மட்டும் கிடக்கிறது.

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். மறைக்கப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள். "அக்கா, பவுடரப் போட்டுப் பாருங்க, ஆளு மாட்டிக்கிடும்" என்று ஃபாத்திமா. பயம் அப்படியே வேறொன்றாக மாறியது. எழுதக் கூச்சமாக இருக்கிறது: மகிழ்ச்சி. நிஜமான வழக்கு.

பச்சை பீரோ, வெள்ளைப் பவுடர். புத்தகப் படத்தில் உள்ளதுபோலவே பிரஷ்ஷைச் சுழற்றினேன். கைப்பிடிக்குப் பக்கத்தில் வரிசையாக நான்கு விரல் அடையாளம். எதிலும் கோடு இல்லை. வெறும் வெள்ளைத் திட்டு.

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏளா, ரேகை இல்லாத கை."

மற்ற 40 தலையும் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு முதல் பெஞ்சைப் பார்த்தன. இசக்கியம்மாள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. இதை இங்கே அழுத்தி எழுதுகிறேன்: சொல்லவில்லை. ஆனால் பொருள் தொலைந்தால் அவர்கள் வகுப்பாசிரியை ராஜம் டீச்சரிடம் (ரா.டீ.) எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். கடைசி வரி: "பீரோவில் காணப்பட்டவை ரேகையற்ற விரல்களின் பதிவுகள் ஆகும்."

அந்த "ஆகும்" எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வீட்டுக்கு வரும்வரை சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஜூலை 17, வியாழன்

ரா.டீ. காலையிலேயே இசக்கியம்மாளைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை அம்மாவை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார். அவள் எடுக்கவில்லை என்றாளாம். "அப்ப பீரோ பொய் சொல்லுதா?" என்று ரா.டீ. கேட்டாராம். ஃபாத்திமா வந்து சொன்னாள், சிரிக்காமல்.

தண்ணீர்க் குழாயடியில் காதில் விழுந்தவை:

"ஏளா மொட்டவெரலு, எங்கன வித்த?"

"அவகிட்ட பேனா குடுக்காத, தடயமே இருக்காது."

மாடிப்படியில் இசக்கியம்மாளே என்னை நிறுத்தினாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"அக்கா, பீரோவைப் பாத்து எழுதினீயளா, என் தாளைப் பாத்து எழுதினீயளா?"

"பீரோவைப் பார்த்துத்தான்."

"பாக்கும்போது என் தாளு ஞாபகத்துல இருந்துச்சா?"

பெல் அடித்துவிட்டது என்று சாக்குச் சொன்னேன்.

"அம்மை வந்தா படிப்ப நிறுத்திப்புடும்க்கா. களவாணின்னு பேரு வாங்கவா பள்ளிக்கூடம் போறன்னு கேக்கும். அது சொன்னா சொன்னதுதான்."

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. சுண்டல்தான், பிடித்ததுதான்.

ஜூலை 18, வெள்ளி

முதல் பெஞ்சில் அவள் இல்லை.

செருப்புத் தடம் நடத்தலாம் என்று மாவும் தட்டும் கொண்டுபோனேன். ஆரம்பிக்குமுன் ஃபாத்திமா எழுந்தாள். "அக்கா, ரேகை உள்ள கை அந்த பீரோவுல எப்படி விழும்னு காட்டுங்க. வித்தியாசம் தெரியணும்லா."

நியாயமான கேள்வி. நான் எழுதி வைத்திருந்த கேள்விகளில் இது இல்லை. என் கட்டைவிரலைப் பீரோவில் வைத்தேன். என்னுடையது அருமையான சுழல், லி.டீ.யே சொல்லியிருக்கிறார். பவுடர், பிரஷ்.

வெள்ளைத் திட்டு. ஒரு கோடு இல்லை.

வேறு விரல். திட்டு. ஃபாத்திமா வந்து தன் விரலை வைத்தாள். திட்டு. "நானும் மொட்டவெரலா அக்கா?" என்றாள்.

"பவுடர் நமத்திருக்கு, செருப்புக்குப் போவோம்" என்று சொல்லி மாவைக் கொட்டினேன். சொல்லும்போதே பொய் என்று தெரியும். 40 பேர் பார்த்துக்கொண்டிருக்க வேறு எதுவும் வாயில் வரவில்லை.

பெல் அடித்த பிறகு தனியாக:

1. பீரோவில் ஒரு சாண் இடத்தை ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, விரல் வைத்தேன். சுழல் தெளிவாக வந்தது. எண்ணலாம்போல.
2. துடைக்காத இடத்தில், அதே விரல், அதே பவுடர். திட்டு.
3. துணியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

மேற்கு ஜன்னல் திறந்தே கிடக்கிறது. கீழே உப்பு லாரிகள் போகும் ரோடு. நாள் முழுக்கப் பறக்கும் தூள் எல்லாவற்றிலும் படிந்து கிடக்கிறது, வியர்த்த விரல் பட்டதும் குழைந்துவிடுகிறது. யார் தொட்டிருந்தாலும் அந்த பீரோவில் ரேகை விழுந்திருக்காது. லி.டீ. எப்போதும் துடைத்த கண்ணாடித் தம்ளரில்தான் செய்து காட்டுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. என் புத்தகம் எழுதியவர் ஊரில் பீரோ மேல் உப்பு படிந்திருக்காது. நான் இந்த ஊர்க்காரி. வீட்டில் கிரில் கம்பி துருப்பிடிப்பதை வருஷாவருஷம் பார்க்கிறேன்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ரா.டீ. கிளம்பிவிட்டார்.

ஜூலை 19, சனி

கடிதம் எழுதினேன், கிழித்தேன். மூன்று முறை.

அம்மாவிடம் சொன்னேன். இட்லி மாவு கரைத்துக்கொண்டே கேட்டாள். "சரி, அந்தப் பிள்ளை எடுக்கலன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவளே எடுத்திருந்தா?"

"அதுவும் தெரியாதும்மா."

"பொறவு ஏன் நீயா போயி மாட்டிக்கிடுத? பூட்டாமப் போட்டவ நீ. அதை முதல்ல கேப்பாவ."

கேட்பார்கள். இசக்கி எடுத்தாள் என்று இருக்கும்வரை, பீரோ திறந்து கிடந்ததை யாரும் என்னிடம் கேட்கவில்லை. புதனன்றே எனக்கு இது தெரிந்திருந்ததா? அந்த வரியை எழுதும்போது? யோசிக்க யோசிக்கத் தெரிந்திருந்தது போலவும் இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

சைக்கிளில் உப்பளத்துக்குப் போனேன். எதிர்க்காற்று, இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். ஃபாத்திமாதான் வழி எழுதிக் கொடுத்திருந்தாள். பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. இசக்கியும் அவள் அம்மாவும் கொட்டகையில் பொட்டலத்துக்கு வாய் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இசக்கி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

"நீதான் வெரலைப் பாத்த பிள்ளையா?" என்றார் அவள் அம்மா. கை நிற்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். துணி, உப்பு, திட்டு, என் விரல். நடுவில் "ஒப்பீட்டுச் சோதனை" என்று வேறு சொன்னேன். எனக்கே கேவலமாக இருந்தது.

"அப்போ எம்மவ எடுக்கலன்னு சொல்லுத."

"யார் எடுத்தாங்கன்னு தெரியலன்னு சொல்லுதேன்."

அவர் கை நின்றது. "தெரியலன்னா தெரியலன்னு அன்னைக்கே எழுதப்பிடாதா? படிச்ச பிள்ளைதான நீ?"

அவர் அடுத்த பொட்டலத்தை எடுத்தார்.

"நாளைக்கு நான் வர மாட்டேன். அவளும் வர மாட்டா. நீ போயி அங்கன சொல்லு. எங்கிட்ட சொல்லி என்ன? மொட்டவெரலுன்னு அங்கனதான சொல்லுதாவ."

ஜூலை 21, திங்கள்

ஆசிரியர் அறை. நாலு டீச்சர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ரா.டீ.யிடம் ஒரே மூச்சில் சொன்னேன்: பூட்டவில்லை, நான்தான். அறிக்கை தப்பு, நான்தான்.

"இப்ப வந்து மாத்திச் சொன்னா? அந்தப் பிள்ளைக்கு ரேகை இல்லங்கறது உண்மைதானே?"

"உண்மைதான் டீச்சர். ஆனா அந்த பீரோவுல உங்களுக்கும் இருக்காது."

டீ குடித்த ஒருவருக்குப் புரையேறியது. ரா.டீ. முகம் சிவந்தது. ஆனாலும் லேபுக்கு வந்தார். விரலை வைத்தார். பவுடர் போட்டேன். திட்டு. அவர் தன் விரலைத் திருப்பிப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். "சரி, அவ அம்மா வர வேண்டாம். அவளை வரச் சொல்லு" என்றார். பீரோ சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். லி.டீ. வந்ததும் என் மேல் தனியாக எழுதுவாராம். எழுதட்டும். (எழுதட்டும் என்று சுலபமாக எழுதிவிட்டேன்.)

கடைசிப் பீரியடில் புது அறிக்கையை 40 பேர் முன்னால் வாசித்தேன். "எடுத்தவர் யார் என்று இந்தப் பதிவுகளைக் கொண்டு சொல்ல இயலாது. சொன்னது என் பிழை." பலகையிலிருந்து அவள் தாளை எடுத்தேன். யாரும் சிரிக்கவில்லை. மொட்டவெரலு என்று முதலில் சொன்னது யாரென்றும் நான் கேட்கவில்லை.

ஃபாத்திமா இசக்கி வீட்டுப் பக்கம்தான். தகவல் சொல்கிறேன் என்றாள். "வருவாளா?" என்று கேட்டேன். "அவ அம்மையைப் பாத்தீயள்லாக்கா" என்றாள், அவ்வளவுதான்.

ஜூலை 22, செவ்வாய்

லி.டீ. வந்துவிட்டார். லென்ஸ் இன்னும் கிடைக்கவில்லை. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, அந்த வேட்டித் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தார். திட்டவில்லை. "இன்னைக்கும் கடைசிப் பீரியடைக் கேட்டு வாங்கியிருக்கேன், வகுப்புல நீயும் இரு" என்றார்.

இரண்டாம் பீரியடின்போது வராந்தாவில் இசக்கி. தலையில் எண்ணெய் வழிய, பையை மார்போடு அணைத்துக்கொண்டு. என்னைத் தாண்டிப் போனாள். பார்க்கவில்லை. வந்துவிட்டாள், அது போதும் என்று இருந்தது. போதாது என்றும் இருந்தது.

கடைசிப் பீரியட். அவள் முதல் பெஞ்சில் உட்காரவில்லை, ஜன்னலோரம் நாலாவது பெஞ்ச். லி.டீ. கண்ணாடித் தம்ளரைத் துடைத்து மேஜையில் வைத்தார். "பழையபடி முதல்லேருந்து பார்ப்போம். யாரு விரல் குடுக்கிறீங்க?"

போன வாரம் மைக்கு முண்டியடித்த பிள்ளைகள்.

ஒரு கைகூட எழவில்லை. 41 பேரின் கைகளும் பெஞ்சுக்கு அடியில். ஃபாத்திமாவுடையதும்.

லி.டீ. என்னைப் பார்த்தார். நான் எழுந்துபோய் என் விரலைத் தம்ளரில் வைத்தேன்.