கறுப்பு கழற்றிய நாளில் வந்த எருமை

அன்பு மகன் ஜசிந்தோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அக்கா சுல்மிராவும் ரொசலினா அத்தையும் மாதா புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே, அதைத்தான் கீழே எழுதப்போகிறேன். அயர்லாந்துக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய், இறைச்சிக் கம்பெனியில் விரல் மரத்துப்போகிறது என்று சொன்னாயே, கையுறைக்குள் இன்னொரு கையுறை போட்டுக்கொள், கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். போனில் சொல்லாமல் ஏன் அம்மா தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். இப்போதெல்லாம் போனில் பேசவே பயமாக இருக்கிறது, காலையில் நான் சொன்னதை மத்தியானம் கடைக்காரி எனக்கே திருப்பிச் சொல்கிறாள். மர்த்தின்யாவின் மகள் நாளைக்கு உன் ஊருக்குத்தான் திரும்பி வருகிறாள், அவள் பையில் காப்பித்தூளோடு இதையும் வைத்து அனுப்புகிறேன், படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

அப்பா செத்து வருஷம் முடிந்து துக்கத்துக்குப் போட்ட கறுப்பு கழற்றும் சடங்கு நல்லபடியாக நடந்தது என்று சொன்னேன், முழுவதையும் சொல்லவில்லை. அமைச்சர் கசிமிரோவின் வழக்கு நீதிபதியாக அக்காவிடம் இருப்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வரவேண்டிய அரிசி எங்கே போனது என்பதுதான் வழக்கு, ஆனால் அரிசியைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. அவர் சிறைக்குப் போனால் அவர் கட்சி கூட்டணியை விட்டுப் போகும், கூட்டணி போனால் அரசாங்கம் கவிழும், பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். ஆளும் கட்சிக்காரன் அக்காவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், எதிர்க்கட்சிப் பையன்கள் பூச்செண்டோடு வாசலுக்கு வந்து எங்க நீதிபதி எங்க நீதிபதி என்று கத்துகிறார்கள். அவள் கதவைத் திறந்து, "நான் உங்க ஆளும் இல்ல, அவங்க ஆளும் இல்ல, பூவை மாதா கோயில்ல கொண்டுபோய் வைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அதற்கு ஒருவன், "பாருங்கடா, இவளும் விலைபோயிட்டா" என்று தெருவில் சொல்லிக்கொண்டு போனான். இரண்டு பக்கமும் வசவு வாங்கும் பிள்ளையைப் பெற்று வைத்திருக்கிறேன்.

சடங்கன்று நாங்கள் பெண்கள் எல்லாரும் கல்லறைக்குப் போய்ப் பூப்போட்டுக் கறுப்பைக் கழற்றிவிட்டு வருவதற்குள், வீட்டு வாசலில் கொம்பு அகன்ற ஒரு எருமை நிற்கிறது. அபிலியோ சித்தப்பா, அண்ணன் வீட்டுக்கு நான்தான் பொறுப்பு என்று புதுச் சட்டையில் நின்று வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். யார் கொண்டுவந்தது என்றால், கசிமிரோவின் பெரியம்மாவும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும். "உங்க வீட்டுல பொண்ணு எடுத்தவங்க நாங்க, செத்தவருக்கு எங்க முறையைச் செய்ய வந்திருக்கோம்" என்கிறார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் செத்தவர் பேரைச் சொல்லி வந்த மிருகத்தை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பினால் அப்பாவின் ஆத்துமாவை அவமானப்படுத்தியதாகிவிடும், ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. சித்தப்பா, "என்ன அண்ணி யோசிக்கிறீங்க, துணியை எடுத்துப் போடுங்க" என்று அவசரப்படுத்தினார். பெண் கொடுத்த வீட்டார் செய்யவேண்டிய பதில் மரியாதை அதுதானே, நானும் பெட்டியைத் திறந்து நான் நெய்த துணியை எடுத்து அந்த அம்மாள் தோளில் என் கையாலேயே போட்டேன். எவனோ படம் எடுத்தான். எருமையை அறுத்து ஊர் முழுக்கச் சாப்பிட்டது, அக்கா மட்டும் வாயில் வைக்கவில்லை, வயிறு சரியில்லை என்றாள். ரொசலினா அத்தை சமையல்கட்டை விட்டு வெளியே வரவேயில்லை, அடுப்பு வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன், எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

காரியமாக வந்திருக்கிறார்கள், அக்காவைக் கையில் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்றுதான் நான் பயந்தேன். அடுத்த வாரமே அமைச்சரின் வக்கீல் அந்தப் படத்தை மனுவில் ஒட்டிக் கொடுத்துவிட்டான், நீதிபதி அமைச்சருக்கு உறவுக்காரி, அதனால் வழக்கிலிருந்து விலகவேண்டும் என்று. எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. உறவு கொண்டாட வந்தவர்களே உறவைக் காட்டி அவளை ஏன் துரத்தவேண்டும் என்று கேட்டேன். அக்கா என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் ஆறியிருக்கும். சோளச்சோற்றைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு நின்றபடியே, "அம்மா, என்னை வாங்க முடியாதுன்னு அவங்களுக்குத் தெரியும். அதான் சொந்தமாக்கிட்டாங்க. சொந்தக்காரி அந்த நாற்காலியில உட்காரக் கூடாது, சட்டமே அப்படித்தான்" என்றாள். அவள் விலகினால் வழக்கு யாரிடம் போகும் தெரியுமா, அமைச்சர் வீட்டு விருந்து எதுவானாலும் முதல் பந்தியில் உட்காருகிறவரிடம். அவருக்கு ஒரு உறவும் கிடையாதாம், பசி மட்டும்தான் போலிருக்கிறது.

அன்றிலிருந்து சாயங்காலமானால் நம்பர் இல்லாத மோட்டார் சைக்கிள் ஒன்று நம் வேலியோரம் வந்து நின்றுவிட்டுப் போகிறது, நாய்கூட இப்போது குரைப்பதில்லை, பழகிவிட்டது. அக்கா நீதிமன்றத்துக்கு நடந்து போவதை நிறுத்தச் சொன்னேன், கேட்கவில்லை. உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன், அவள் விலகிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று என் வயிறு சொல்கிறது. அரசாங்கம் கவிழட்டும் நிமிரட்டும், என் பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்தால் போதும் என்று இருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல நாக்கு வரவில்லை.

தலைநகர் திலியில் இருக்கும் மேல் நீதிமன்றம், இந்த உறவு உண்மையா என்று குடும்பத்தாரையே நேரில் வந்து சொல்லச் சொல்லியிருக்கிறது, வரும் வியாழக்கிழமை. சித்தப்பா போய்ச் சொல்வதாக இருக்கிறார். "எருமையைத் தின்னாச்சு, துணியைப் போட்டாச்சு, அப்புறம் என்ன அண்ணி, சம்பந்தம் சம்பந்தம்தான்" என்கிறார். மலைப் பாதைக்குத் தார் போடும் வேலை அவர் மருமகனுக்குக் கிடைக்கப்போகிறது என்று ஊரில் பேச்சு, நான் பார்க்கவில்லை. சரி, நம் வீட்டிலிருந்து அவர்கள் எடுத்த அந்தப் பெண் யார், எனக்குத் தெரியாமல் எந்தக் காலத்துக் கல்யாணம் என்று அவரைக் கேட்டேன். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "நம்ம ரொசலினாதான்" என்றார்.

மகனே, இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் நீயும் வளர்ந்த ஆள், இந்த வீட்டுக்கு இனி மூத்த ஆண்பிள்ளை, உனக்குத் தெரியவேண்டும். குடைந்து குடைந்து கேட்டபிறகுதான் சித்தப்பா சொன்னார், போர்க்காலத்தில் அத்தை தண்ணீருக்குப் போன இடத்தில் கசிமிரோவின் சித்தப்பன் ஒருவன் அவளைத் தூக்கிக்கொண்டு போனான், அப்போது அவன் பட்டாளத்துக்காரர்களோடு சுற்றிக்கொண்டிருந்தவன், யாரும் வாய் திறக்க முடியாது. அவன் செத்த பிறகு அத்தை மலை இறங்கி நடந்தே வந்து சேர்ந்தாள். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்படியில் இருந்தாள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள் என்று உன் அப்பா சொன்னார், நானும் அப்படியே நம்பினேன். நம் வீட்டில் யாரும் பெண் கொடுக்கவில்லை, அவர்கள் யாரும் வந்து கேட்கவுமில்லை, ஒரு ஆட்டுக்குட்டிகூட அன்றைக்கு வாசலுக்கு வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து உன் அப்பாவின் சடங்கில் எருமையைக் கட்டி, நான் துணியைப் போட்டதும், அது கல்யாணமாகிவிட்டது. அந்த அக்கிரமத்துக்கு நானே என் கையால் மரியாதை செய்திருக்கிறேன். அடுப்படிக்குள் அவள் அன்று எப்படி நின்றிருப்பாளோ.

விஷயம் தெரிந்ததும் அக்கா ஒரேயடியாக மாறிவிட்டாள். அத்தையை ஜனங்கள் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்பதைவிட நான் விலகிவிடுகிறேன் என்று கடிதம் எழுத உட்கார்ந்தாள். எனக்கு உள்ளூர நிம்மதி, அதற்காக மாதா என்னை மன்னிக்கட்டும். அத்தை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து மேசையருகில் நின்றாள். உனக்குத்தான் தெரியுமே, அவள் கேட்டால்தான் பேசுவாள். "அந்தக் கடிதாசியை எடுத்து வை புள்ள. நீ ஒதுங்கினா, அவங்க சொன்னது நிஜம்னு ஆயிடும். நான் அவனுக்குப் பொண்டாட்டின்னு கவர்மெண்டு காயிதத்துல ஏறிடும். அரசாங்கம், அரிசி எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் எவனுக்கும் பொண்டாட்டி இல்ல, அதை நானே போய்ச் சொல்றேன்" என்றாள். அங்கே வக்கீல் என்னென்ன கேட்பான் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். "கேக்கட்டும். அவங்கள்ல ஒருத்தராவது இப்பவாச்சும் என்னைக் கேக்கட்டும்" என்றாள் அத்தை. அக்கா அந்தத் தாளை மடக்கி வைத்துவிட்டு அத்தையை உட்காரவைத்து அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், சின்ன வயதில்கூட என் மடியில் அவள் அப்படி அழுததில்லை.

வியாழக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் நானும் அத்தையும் திலிக்குப் போகிறோம், அக்கா எங்களோடு வரக்கூடாதாம், வந்தால் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்தாள் என்பார்களாம். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்கு ஒரே ஒரு வேலைதான். சித்தப்பா உன்னைக் கூப்பிட்டு, வீட்டுக்கு மூத்தவன் நீ, அவர்கள் நம் சம்பந்திகள்தான் என்று ஒரு வார்த்தை பேசிப் பதிவு செய்து அனுப்பு என்பார். மரியாதையாகப் பேசு, உன் அப்பாவின் தம்பி அவர், ஆனால் அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் போ, வெறும் ரொட்டியைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கடவுளும் மாதாவும் அப்பாவின் ஆத்துமாவும் உன் கூடவே இருந்து உன்னைக் காக்கட்டும். அத்தைக்குத் தன் பெயரை மட்டும்தான் எழுதத் தெரியும், அதையும் எழுதிப் பல வருஷமாயிற்று, வியாழக்கிழமை அங்கே கையெழுத்துக் கேட்பார்கள் என்று கொஞ்ச நேரமாக என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிப் பழகுகிறாள். பிறந்த வீட்டுப் பெயரோடு சேர்த்துத்தான் எழுதுவாளாம். கடைசியாக எழுதியது நன்றாக வந்திருக்கிறது, அதை உன் கடிதத்திலேயே எழுதச் சொன்னேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா தியோலிந்தா

ரொசலினா ஷிமெனெஸ்