என் பிழைக்கு முழு மதிப்பெண்

அனுப்புநர்
ஜெ. எழிலரசி, எம்.எஸ்சி. (விலங்கியல்),
ரெட்டித்தோப்பு, ஆம்பூர்,
திருப்பத்தூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அவர்கள்,
வேலூர் மண்டலம், வேலூர்.

பொருள்: ஆம்பூர் இளவேனில் மகளிர் கலை அறிவியல் கல்லூரி – அறிமுக உயிரியல் பகுதிநேர விரிவுரையாளர் நியமனம் – மாதிரி வகுப்பு என்ற பெயரில் என்னைப் பாடம் நடத்த வைத்து, வேறொருவரை நியமித்தது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். நான் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். மேற்படி கல்லூரியின் விளம்பரத்தைப் பார்த்துக் கடந்த ஜூனில் விண்ணப்பித்து, தேர்வுக் குழு முன் மாதிரி வகுப்பு எடுத்தேன். பல்கலைக்கழகப் பிரதிநிதி வர இயலவில்லை, அவருக்கு அனுப்ப வேண்டும் என்று அதை வீடியோ எடுத்தார்கள். அவர் இன்னும் பார்க்க விரும்புகிறார் என்று மறுபடியும் மறுபடியும் அழைத்தார்கள். செல், திசு, செரிமானம், இதயம் என்று முதல் பருவப் பாடம் முழுவதும் என் வாயாலேயே நடந்து முடிந்தது. ஒவ்வொரு முறையும் சூப்பர்வைசரிடம் கெஞ்சி பர்மிஷன் வாங்கிப் போனேன்.

2. அதன்பின் அழைப்பு வரவில்லை. கல்லூரிச் செயலாளர் திரு. சுப்பராயன் அவர்களின் தங்கை மகன் திரு. கோபி நியமிக்கப்பட்டார். நான் வழக்கம்போல் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போனேன்.

3. எங்கள் தெருவில் குடியிருக்கும் செல்வி ஹஃப்ஸா அக்கல்லூரியில் முதலாண்டு மாணவி. ஆகஸ்டில் ஒரு நாள் குழாயடியில் என்னை நிறுத்தி, "இன்னாக்கா, தெனம் எங்க கிளாஸ்ல ஸ்கிரீன்ல வர்றீங்க, ஒரு வார்த்த சொல்லவேயில்ல? சார் உங்க வீடியோவப் போட்டுட்டு போன் பாத்துகினு இருக்காரு" என்றார். அவர் சொன்ன 'சார்' திரு. கோபிதான்.

4. இதயம் பாடம் எடுத்த அன்று, குழுவில் உட்கார்ந்திருந்த செயலாளரின் கைபேசி ஒலித்து, அவர் உரக்கப் பேசியதில் நான் தடுமாறி, வலப்பக்கம் சுத்த ரத்தம், இடப்பக்கம் அசுத்த ரத்தம் என்று மாற்றிச் சொல்லி, பலகையிலும் அப்படியே குறித்துவிட்டேன். பஸ்ஸில்தான் உறைத்தது. மறுநாள் காலையே கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்து அந்தப் பகுதியை அழிக்கக் கேட்டேன். "பரவால்லம்மா, யார் பாக்கப் போறாங்க" என்று வைத்துவிட்டார்கள்.

5. செப்டம்பர் உள்தேர்வில், இதயத்தில் சுத்த ரத்தம் எந்தப் பக்கம் என்ற கேள்வி வந்தது. புத்தகத்தைப் படித்து, சுத்த ரத்தம் இடப்பக்கம் என்று சரியாக எழுதிய ஹஃப்ஸாவுக்கு திரு. கோபி முட்டை போட்டார். வலப்பக்கம் என்று எழுதியவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண். போய்க் கேட்ட பெண்ணை, "வீடியோவ ஒழுங்கா பாத்தியா?" என்று வகுப்பில் நிற்க வைத்திருக்கிறார். அவள் என் வீட்டுக்கு வந்து அழுதாள். ஐயா, என் பாடத்தைத் திருடியவர் என் பிழையையும் சேர்த்துத் திருடியிருக்கிறார். அழுகிற பெண்ணை எதிரில் வைத்துக்கொண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

6. எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் செயலாளர் ஆள் அனுப்பினார். "கம்முனு இருந்தா அடுத்த செமஸ்டர் உனக்கே தர்றோம்" என்றார் வந்தவர். எனக்கு வேண்டாம். ஜோடி சேராத ஷூவைப் பெட்டியில் போட்டு அனுப்பும் பழக்கம் எனக்கில்லை. திரு. கோபியும் அந்த நாற்காலியில் இருக்கக் கூடாது. அதுவரை நான் ஓயப் போவதில்லை.

7. ஆகவே, மாணவிகளின் விடைத்தாள்களை மறுமதிப்பீடு செய்யவும், என் வீடியோக்கள் வகுப்பில் ஓடுவதை நிறுத்தவும் ஆணையிடுமாறு பணிந்து கேட்கிறேன். முக்கியமாக, தாங்கள் முன்னறிவிப்பின்றி நேரில் வந்து, திரையையும் கைபேசியையும் அணைக்கச் செய்து, செயலாளரையும் உட்கார வைத்து, திரு. கோபியை அந்த மாணவிகள் முன்னிலையில் இதயம் வரைந்து பக்கம் குறிக்கச் சொல்ல வேண்டும். அன்று எனக்குச் சம்பளம் பிடித்தாலும் சரி, முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். சாக்பீஸோடு அவர் திரும்பி என்னைப் பார்ப்பார். எந்தப் பக்கம் என்று நான் சொல்லமாட்டேன்.

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ஜெ. எழிலரசி

இடம்: ஆம்பூர்
நாள்: 14.10.2025